வலக்கைக்கு ஒரு கையுறை

எந்தக் கையால் எறிவீர்கள் என்று கடையில் நின்ற பெண் கேட்டாள். வலக்கை என்றேன். யோசிக்கவேயில்லை. பெயரைக் கேட்டால் யாராவது யோசித்தா சொல்கிறார்கள்? வலக்கையால் எறிகிறவர்கள் கையுறையை இடக்கையில் போடவேண்டும் என்று சொல்லி அவள் சுவரைக் காட்டினாள். சுவர் முழுக்க இடக்கைக்கான கையுறைகள்தான் தொங்கின. அடியில், தரையோடு ஒட்டி, மறுபக்கக்காரர்களுக்கென்று இரண்டோ மூன்றோ கிடந்தன. அவற்றை நான் திரும்பியும் பார்க்கவில்லை.

ஐம்பதைத் தொட்ட ஒரு யாழ்ப்பாணத்துப் பெண் சிட்னியின் பரமட்டாவில் சொஃப்ட்போல் கையுறை வாங்கப் போனது சிரிப்புக்குரிய விசயம்தான். தாராளமாகச் சிரிக்கலாம். ஆனால் அன்றைக்கு அந்தச் சுவருக்கு முன்னால் நின்றபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயமாக இருந்தது. ஒழுங்காகப் பந்து பிடிக்காவிட்டால் என்னை அணியிலிருந்து எடுத்துவிடுவார்கள். அணி போனால் புதன்கிழமை போய்விடும். புதன்கிழமை போனால் என்னிடம் வேறு கிழமை இல்லை.

நான் அணிக்குள் வந்த கதை பெருமைக்குரியதல்ல. எங்கள் அலுவலகத்தில் புதன்கிழமைகளில் விளையாடுகிற ஸ்லோபிட்ச் சொஃப்ட்போல் அணி ஒன்று இருக்கிறது. பேஸ்போலுக்குத் தங்கச்சி முறையான விளையாட்டு. பந்தைக் கீழ்க்கையாக, வளைந்து போய் விழும்படி, பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி மெதுவாகப் போடுவார்கள். அடிக்கிறவர் ஓங்கி அடித்துவிட்டு நான்கு தளங்களைச் சுற்றி ஓடிப் புறப்பட்ட இடத்துக்கே வரவேண்டும். எங்களுடையது ஆண்களும் பெண்களும் கலந்த அணி. பெண்கள் குறைந்தால் ஆட்டமே இல்லை, எதிரணிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகவேண்டும். அணியில் இருந்த ஒருத்தி பிள்ளைப்பேற்று விடுமுறையில் போய்விட்டாள். கப்டன், எங்கள் மாடியின் மறுபக்கத்தில் வேலைசெய்கிற உயரமான வெள்ளைக்காரப் பெண், ஒவ்வொரு மேசையாகக் கேட்டுக்கொண்டு வந்து கடைசியில் சாப்பாட்டறையில் தனியாக இருந்து புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்த என்னிடம் வந்தாள். ஓட வேண்டாம், நின்றால் போதும் என்றாள். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை என்று எனக்கு நன்றாகவே விளங்கியது. இருந்தும் அவள் கேட்டு முடிக்கமுதலே ஓம் என்று தலையாட்டிவிட்டேன். நெடுநாளாக என்னிடம் ஒருவரும் எதையும் கேட்கவில்லை. அதுதான் காரணம்.

என் கணவர் இறந்து இரண்டு வருடம். மகனும் மருமகளும் மெல்பேர்னில், ட்ருகனினாவில் புது வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். கீழ்த்தளத்தில் எனக்கென்று ஒரு அறை ஒதுக்கி, கட்டிலும் போட்டுவிட்டார்கள். ஞாயிறு தோறும் மகன் போன் எடுப்பான், வந்து எங்களோடு இருங்கள் என்பான், பார்ப்பம் என்பேன். நல்ல பிள்ளை, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த அறைக்குள் போய்ப் பெட்டியை வைத்தால் அதன்பிறகு நான் மகனின் அம்மா மட்டும்தான். அதற்கு எனக்கு மனம் வரவில்லை. பென்டில் ஹில்லில் நானும் அவரும் இருந்த வீட்டில் நான் மட்டும் இருந்தேன். ரெயிலால் இறங்கி வரும்போது தமிழ்க்கடையில் சாமான் வாங்குவேன், கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து. கூட்டம் இருந்தால் ஏதாவது ஒரு அன்ரி, தனியத்தானோ பிள்ளை இருக்கிறீர் என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் முருங்கைக்காயை முறித்துப் பார்க்கத் தொடங்கிவிடுவார். எனக்குக் கோபம் வரும். கேட்டதற்காக அல்ல, பதிலைக் கேளாததற்காக.

முதல் புதன்கிழமை என்னைத் தளங்களுக்கு வெகு தூரத்தில், வெளிக்களத்தின் வலது மூலையில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பெரும்பாலான ஆட்கள் வலக்கைக்காரர், அவர்கள் அடித்தால் பந்து இடது பக்கம்தான் போகும். ஆகவே ஆகத் தெரியாத ஆளை வலது மூலையில் விடுவது வழக்கம். பந்து வராத இடம். எனக்கு அந்த இடம் பிடித்துப்போனது. வீட்டில் தனியாக இருப்பதும் அங்கே தனியாக நிற்பதும் ஒன்றல்ல. வீட்டில் நான் குசினியில் நின்றாலும் ஒன்றுதான், கூடத்தில் நின்றாலும் ஒன்றுதான். அங்கே நாலடி தள்ளி நின்றுவிட்டால், தூரத்திலிருந்து யாராவது ஒருவர் கையைக் காட்டி இந்தப் பக்கம் வா என்பார். நான் எங்கே நிற்கிறேன் என்பது இன்னொருவருக்கு முக்கியமாக இருந்தது. அந்த ஒன்றுக்காகவே அடுத்த புதன்கிழமை எப்போது வரும் என்று பார்க்கத் தொடங்கினேன்.

வராத இடத்துக்கும் சிலவேளை பந்து வரும். வந்தபோதெல்லாம் விட்டேன். எல்லோருக்கும் பொதுவான பையில் கிடந்த கையுறையைத்தான் போட்டிருந்தேன், அது சின்னது, பந்து அதன் விளிம்பில் பட்டுத் தெறித்து ஓடும். துரத்திப் பிடித்து எறிந்தால் பந்து எங்கள் ஆட்களிடம் போகாமல் பாதி வழியில் விழுந்து புல்லுக்குள் படுக்கும். யாரும் ஏசவில்லை. இந்த ஊர்க்காரர் ஏசமாட்டார்கள், பரவாயில்லை பரவாயில்லை என்று சொல்லியே ஆளைச் சாகடிப்பார்கள். சில வாரம் கழித்து, நான் ஸ்டேசனுக்குப் போகும் வழியில், கப்டன் கார் நிறுத்துமிடம் வரைக்கும் என்னோடு நடந்து வந்தாள். நான் போட்டிருந்த கையுறை விடுமுறையில் போனவளுடையதாம். கிறிஸ்மஸ் கழிந்து ஜனவரிக் கடைசியில் ஆட்டம் மறுபடி தொடங்கும்போது அவள் வந்துவிடுவாளாம். நீ தொடர்ந்து வருவதானால் வெளிக்களத்துக்கு ஏற்ற பெரிய கையுறை ஒன்று சொந்தமாக வாங்கிவிடு என்றாள்.

வருவதானால். அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அது வா என்பதா, வராவிட்டாலும் காரியமில்லை என்பதா? அவள் வந்துவிட்டால் தலையெண்ணிக்கை சரியாகிவிடும். அதன்பிறகு பந்து பிடிக்கத் தெரியாத ஒருத்தியை எதற்காக வைத்திருப்பார்கள்? ஜனவரிக்கு முதல் நான் பந்து பிடிக்கப் பழகவேண்டும், வேறு வழியில்லை என்று முடிவெடுத்தேன்.

என் கணவர் எதையும் இலேசில் வாங்கமாட்டார். ஒரு பிரிட்ஜ் வாங்குவதற்கு இரண்டு மாதம் படித்தவர், அதற்குள் பழைய பிரிட்ஜில் பால் திரைந்து திரைந்து நான் தேத்தண்ணிக்குப் பால்மா கரைத்தேன். அந்தப் பழக்கம் எனக்கும் தொற்றியிருந்தது போல. வேலையால் வந்து, சோறு வடியும்வரை, தாடி வைத்த அமெரிக்கர்கள் கையுறையைக் குத்திக் குத்திக் காட்டுகிற வீடியோக்களைப் பார்த்தேன். தளங்களுக்குப் பக்கத்தில், உள்களத்தில் நிற்கிறவர்களுக்குச் சின்னக் கையுறைதான் நல்லது, பந்தைச் சட்டென்று வெளியில் எடுக்கலாம். வெளிக்களத்தில் நிற்கிறவர்களுக்கு விரல்கள் நீண்ட, குழி ஆழமான கையுறை வேண்டும். ஓடிக்கொண்டே எட்டிப் பிடிக்கலாம், விழுந்த பந்து உள்ளேயே கிடக்கும். ஸ்லோபிட்சுக்குப் பந்தும் பெரிது என்பதால் இன்னும் கொஞ்சம் பெரிதாகவே எடுக்கலாம். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் தோலை முழுக்க மூடித் தைத்தது ஒரு வகை, வலை மாதிரிப் பின்னியது இன்னொரு வகை. மேலே பார்த்து நிற்கிறவர்களுக்கு வலைப்பின்னல் நல்லதாம், அதனூடாகப் பந்து வருவதைக் காணலாம். இத்தனையும் படித்துக்கொண்டுதான் கடைக்குப் போனேன். எந்தக் கை என்பதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை, நானும் அதைப் பற்றி நினைக்கவில்லை.

கடையில் நெடுநேரம் நின்றேன். ஒவ்வொன்றாக இடக்கையில் மாட்டி, மடக்கி, விரித்து, அந்தப் பெண் மெதுவாகப் போட்ட பந்தைப் பிடித்துப் பார்த்தேன். ஆண்களின் கைக்குச் செய்தவைக்குள் என் கை, பெரியவர்களின் செருப்பைப் போட்ட பிள்ளையின் கால் மாதிரிக் கிடந்தது. மணிக்கட்டில் பட்டி வைத்ததாக எடுங்கள், இறுக்கிக்கொள்ளலாம் என்றாள். அப்படி ஒன்று இருந்தது. மண்நிறம், வலைப்பின்னல், நல்ல தோல். பட்டியை இறுக்கியதும் உள்ளே தோல் வந்து என் கையைச் சுற்றிப் பிடித்தது. யாரோ கையைப் பிடித்திருப்பதுபோல இருந்தது. இரண்டு வருடமாக என் கையை ஒருவரும் பிடிக்கவில்லை என்று அப்போது நினைத்துவிட்டேன். கடையில் வைத்து நினைத்திருக்கக்கூடாது. மூக்கைச் சீறிக்கொண்டு, இதையே தாருங்கள் என்றேன்.

புதுக் கையுறை பலகை மாதிரி இருக்கும், பழக்கி எடுக்கவேண்டும். அதற்கென்று தனியாக எண்ணெய் விற்கிறார்கள். ஒரு சின்னப் போத்தலுக்கு அந்த விலையா என்று எனக்கு எரிச்சல் வந்தது. குசினியில் நல்லெண்ணெய் இல்லையா? தலைக்கும் தோசைக்கும் ஆகிற எண்ணெய் மாட்டுத்தோலுக்கு ஆகாதா? நன்றாகச் சூடாக்கி, பிள்ளைக்கு உடம்பு பிடிப்பதுபோலத் தேய்த்து, பல்கனியில் வெயிலில் வைத்தேன். கையுறை மெதுமைப்பட்டதுதான். கூடவே கறுத்து, ஈரச் சாக்கு மாதிரிப் பாரமாகி, சனிக்கிழமை எண்ணெய் முழுக்கு வாசம் வீசத் தொடங்கியது. அடுத்த புதன்கிழமை அணியில் ஒருவன் அதை மோந்து பார்த்துவிட்டுப் பசிக்கிறது என்றான்.

நாற்றத்தைப் பொறுக்கலாம். பந்து பிடிபடவில்லை என்பதுதான் பிரச்சினை. இத்தனை பெரிய கையுறையோடும் பந்து என்னைத் தாண்டியே போனது. அப்படியே பிடித்தாலும் எறி போகவில்லை. முழங்கை நொந்தது, பந்து கழுத்தைத் திருகிய கோழி மாதிரி எங்கேயோ போய் விழுந்தது. கப்டன் ஆட்டத்தின் நடுவில் என்னை வெளியில் எடுத்து, களத்தின் ஓரத்தில் போட்டிருந்த மரவாங்கிலில் இருத்தினாள். கொஞ்சம் இளைப்பாறு என்றாள். இளைப்பாற நான் ஓடவேயில்லையே. அந்த வாங்கிலில் இருந்தபோது ஜனவரியில் எனக்கு இடமில்லை என்று தெளிவாகத் தெரிந்தது. வீட்டுக்குப் போய், கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடுவோமா என்று கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எண்ணெயில் ஊறின சாமானை எந்தக் கடைக்காரன் எடுப்பான்?

எறியத் தெரியாதவள் என்பது எனக்குப் புதுப்பெயர் அல்ல. பள்ளிக்கூடத்தில் எல்லே விளையாடுவோம், மூங்கில் தடியால் பந்தை அடித்துவிட்டு ஓடுகிற விளையாட்டு, இலங்கையில் எல்லாப் பள்ளிக்கூடத்திலும் உண்டு. அதிலும் நான் எறிந்த பந்து யாரிடமும் போகாது. பிறகு என்னைக் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். நானும், எனக்கு விளையாட்டு வராது என்று முடிவுகட்டிவிட்டு, படிக்கிற பிள்ளையாகிவிட்டேன். அந்த முடிவை அதன்பிறகு ஒருநாளும் திறந்து பார்க்கவில்லை.

இருந்தாலும் புதன்கிழமையைச் சும்மா விட மனமில்லை. சனிக்கிழமை காலை பூங்காவுக்குத் தனியாகப் போனேன். அங்கே ரெனிஸ் அடித்துப் பழகுகிற சுவர் ஒன்று இருக்கிறது. அதில் பந்தை எறிந்து, திரும்பி வருவதைப் பிடித்துப் பழகலாம் என்று நினைத்தேன். பிள்ளைகளோடு வந்த தாய்மார் என்னைப் பார்த்துவிட்டு மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தனியாக ஒரு ஆள் தனக்குத்தானே பந்து எறிந்து பிடிப்பதைப் பார்க்க அவர்களுக்கே சங்கடமாக இருந்திருக்கும். எனக்கும்தான். பத்து நிமிடத்தில் முழங்கை நோகத் தொடங்க, கையுறையைக் கழற்றிப் புல்லில் போட்டுவிட்டு, ஓடிப்போன பந்தைக் குனிந்து எடுத்தேன்.

அப்போதுதான் மாக்பை வந்தது, காகமளவான கறுப்பு வெள்ளைக் குருவி. வசந்தகாலத்தில் கூடு காக்கிற மாக்பை பின்பக்கத்தால் வந்து மண்டையைக் கொத்தும் என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும், அன்றைக்கு நினைவில் இல்லை. காதுக்குப் பக்கத்தில் செட்டையடிக்கிற சத்தமும் அலகு டக்கென்று மூடுகிற சத்தமும் கேட்டன. ஐயோ என்று திரும்பி, மறுபடி வந்த குருவியைப் பார்த்துக் கையிலிருந்ததை விட்டெறிந்தேன். குருவியில் படவில்லை, நல்லகாலம். ஆனால் பந்து போனது. சீராக, நேராக, மைதானத்தின் நடுவைத் தாண்டி, அந்தப் பக்க வேலி வரைக்கும் போய் வேலியில் மோதிச் சத்தம் எழுப்பியது.

நான் அப்படியே நின்றேன். மாக்பை இன்னொரு தடவை வந்தது, அதையும் கவனிக்கவில்லை. அந்தப் பந்தை எறிந்தது நான்தானா என்று பார்த்தேன். எறிந்தது என் இடக்கை.

நான் பிறந்தது இடக்கைக்காரியாக. அது எங்கள் வீட்டில் சிரித்துச் சிரித்துச் சொல்கிற கதை. ஏடு தொடக்கினபோது அரிசியில் இடக்கை விரலை வைத்தேனாம், ஐயர் அதை எடுத்துவிட்டு வலக்கையைப் பிடித்தாராம், நான் மறுபடி இடக்கையை வைத்தேனாம், சபையே சிரித்ததாம். சிரிப்பு அன்றோடு முடிந்தது. இடக்கையால் சோற்றைத் தொட்டால் புறங்கையில் அகப்பைக்காம்பு விழும். எழுதப் பழகின காலத்தில் அம்மா என் இடக்கையைத் துவாயால் கதிரைக்கையோடு சேர்த்துக் கட்டிவிட்டு, மற்றக் கையால் எழுதச் சொல்லுவா. அடியாத மாடு படியாது என்பது அவவின் கொள்கை. பொம்பிளைப் பிள்ளை நாளைக்குச் சபையில் இடக்கையால் பரிமாறினால் வளர்த்தவளை அல்லவா ஏசுவார்கள்? அம்மா கெட்டவ இல்லை. பயந்தவ. சில மாதத்தில் நான் திருந்திவிட்டேன், அதற்கு எல்லோரும் என்னை மெச்சினார்கள். திருந்தினது சோத்துக்கும் எழுத்துக்கும் மட்டும்தான் என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்குக்கூடத் தெரியவில்லை.

பூங்காவில் அன்றைக்கு எனக்கு வந்தது சந்தோசம் என்று சொன்னால் பொய். முதலில் வந்தது ஆத்திரம். ஒரு பந்தை நேராக எறிய என்னால் முடியும் என்பது தெரியாமலே அரை நூற்றாண்டு போய்விட்டதே என்ற ஆத்திரம். அந்தப் பள்ளிக்கூட மைதானத்தில் என்னையும் கூப்பிட்டிருப்பார்களே. பிறகு, இதைப் போய் யாரிடம் சொல்லுவது என்று பார்த்தேன். அவர் இருந்திருந்தால், அப்பிடியோ, எங்க இன்னொருக்கால் எறி பாப்பம் என்று கேட்டிருப்பார். ஒருவரும் இல்லை. நடந்துபோய்ப் பந்தை எடுத்துக்கொண்டு வந்து மறுபடி எறிந்தேன், அதுவும் வேலி வரைக்கும் போனது. எடுத்து வந்து மறுபடி எறிந்தேன். ஐந்தில் வளைத்ததை ஐம்பதில் நிமிர்த்துகிறேன் என்று நினைத்துச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

அதே கடைக்குப் போனேன். அதே பெண். இடக்கையால் எறிவேன் என்று சொன்னபோது குரல் தணிந்துதான் வந்தது, ஏதோ அந்தரங்கமான வருத்தத்தை வைத்தியரிடம் சொல்கிற மாதிரி. அவள் கண்ணை உயர்த்தவுமில்லை. குனிந்து கீழே கிடந்தவற்றைக் கிளறினாள். இரண்டு பிள்ளைகளுக்கானவை. பெரியவர்களுக்கு ஒன்றே ஒன்று இருந்தது, வெளிக்களத்துக்கானது, போன வருடத்து மிச்சம். நிறம் மயில்நீலம். வலைப்பின்னல் இல்லை, மூடித் தைத்தது. பட்டி இருந்தது. வேறு வேண்டுமானால் சொல்லி அனுப்பவேண்டும், வர இரண்டு மாதம் ஆகலாம் என்றாள். நான் வாரக்கணக்காகப் படித்த படிப்பெல்லாம் விழலுக்கு இறைத்த நீர். இடக்கைக்காரருக்குத் தேர்வு என்பது இல்லை, இருப்பதை எடுக்கவேண்டியதுதான். வலக்கையில் மாட்டிப் பார்த்தேன். அவள் போட்ட பந்து வந்து குழிக்குள் விழுந்தது. மடக்கினேன், அங்கேயே கிடந்தது. கலியாண வீட்டுக்கு உடுக்கிற சேலையில்கூட நான் எடுக்காத நிறம், எடுத்துக்கொண்டு வந்தேன். இந்தமுறை எண்ணெய்ப் போத்தலையும் கடையிலேயே வாங்கினேன்.

அணியில் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் பந்தை விட்டால் இரட்டை மானக்கேடு. பிடிப்பது ஒரு நாளில் வந்துவிடவில்லை. வலக்கை தன்பாட்டில் பந்துக்குப் போகப் பழகச் சில வாரம் எடுத்தது. சில பந்தைப் பிடித்தேன், சிலதை விட்டேன். எறிவதற்குச் சந்தர்ப்பமே வரவில்லை, பக்கத்தில் நிற்கிறவரிடம் தட்டிக் கொடுப்பதோடு சரி. இப்படியே கிறிஸ்மஸுக்கு முந்திய கடைசி ஆட்டமும் வந்தது.

கடைசிச் சுற்று. இரண்டு பக்கமும் சம ஓட்டம். எதிரணியில் ஒருவன் இரண்டாம் தளத்தில் நின்றான், அவன் ஓடி வந்து சேர்ந்தால் அவர்களுக்கு வெற்றி. அடிக்க வந்தவள் பந்தை என் பக்கம் அடித்தாள். ஒரு தடவை நிலத்தில் குத்தி எழும்பி வந்த பந்து வலக்கைக் கையுறைக்குள் விழுந்தது. எங்கள் ஆட்கள் எல்லோரும் ஒரே குரலில் எறி என்று கத்தினார்கள். ஓடுகிறவன் சேரும் இடத்தில் எங்கள் ஆள் கையை விரித்துக்கொண்டு நின்றான். எவ்வளவு தூரம் என்று பார்க்காமல் எறிந்தேன்.

பந்து அவன் தலைக்கு மேலால் போனது. அவனுக்குப் பின்னால் இருந்த கம்பிவலைக்கும் மேலால் போய்க் கார் நிறுத்துமிடத்தில் விழுந்தது. எதிரணிக்காரன் ஆறுதலாக ஓடி வந்து சேர்ந்தான். தோற்றுப்போனோம். என்னால் தோற்றுப்போனோம்.

நான் மூலையிலேயே நின்றேன். மற்றவர்கள் எதிரணியோடு கைகொடுத்துக்கொண்டிருந்தார்கள், தூரத்தில் யாரோ வாய்விட்டுச் சிரிப்பது கேட்டது. இதோடு சரி, ஜனவரியில் மகன் வீட்டுக்குப் போகவேண்டியதுதான் என்று நினைத்தேன். கப்டன் அங்கே நின்றபடியே என்னைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. புல்வெளியைக் கடந்து, என் மூலை வரைக்கும் நடந்து வந்தாள். என் இடக்கையைப் பார்த்தாள்.

"இத்தனை நாளும் இந்தக் கையை எங்கே வைத்திருந்தாய்?" என்று கேட்டாள்.

அம்மா கட்டி வைத்திருந்தா என்றேன். பகிடி என்று நினைத்துச் சிரிக்கத் தொடங்கியவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். பிறகு, ஜனவரியில் நீ இடது பக்கம் நில், அங்கேதான் பந்து நிறைய வரும், இவ்வளவு உயரம் வேண்டாம், கொஞ்சம் தணித்து எறி என்றாள். விடுமுறையில் போனவள் வருகிறாளே என்று கேட்டேன். வரட்டுமே, அதற்கென்ன என்றாள். அவ்வளவுதான் பேச்சு. அவள் போய்க் கார்களுக்கு அடியில் பந்தைத் தேடத் தொடங்கினாள். நான் ஸ்டேசனுக்கு நடந்தேன், ரெயிலில் ஜன்னல் பக்கமாகத் திரும்பி இருந்து அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை மகன் போன் எடுத்தான். கிறிஸ்மஸுக்கு வந்தால் மார்ச் வரைக்கும் நில்லுங்கள், லீவும் இருக்குத்தானே, பிறகு உங்களுக்கே திரும்பிப் போக மனம் வராது என்றான். மருமகள் அறைக்குப் புதுத் திரைச்சீலையும் போட்டுவிட்டாளாம். வாறன் என்றேன். அவன் சந்தோசப்பட்டான்.

"ஆனா ஜனவரி முடியமுதல் நான் திரும்பி வந்திடுவன்," என்றேன்.

"ஏன் அம்மா? அங்க உங்களுக்கு ஆர் இருக்கினம்?"

அவன் குத்திக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டான்.

"இருக்கினம்," என்றேன். "வராட்டி என்னைத் தேடுவினம்."

சொன்னது முழு உண்மையா என்று எனக்கே தெரியாது. நான் வராவிட்டால் ஒரு நிமிடம் இங்கும் அங்கும் பார்ப்பார்கள், எங்கே அவள் என்று ஒருவரை ஒருவர் கேட்பார்கள், பிறகு இடது பக்கத்தில் வேறு யாரையாவது நிறுத்திவிட்டு ஆட்டத்தைத் தொடங்கிவிடுவார்கள். அந்த ஒரு நிமிடம் எனக்குப் போதும்.